பத்தாண்டு பொறுத்த பங்காளிக்கு

அனுப்புநர்: உயில் எழுதாமல் காலமானோரின் வாரிசுகள் (சான்றிதழ் நிலுவையில் உள்ளது).
பெறுநர்: வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதி, இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.
பொருள்: நிதியை முதல் வகுப்பு வாரிசாகச் சேர்த்துக்கொள்ளுதல் – தொடர்பாக.
பார்வை: வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949, பிரிவு 26ஏ.

ஐயா,

மேற்கண்ட பொருள் தொடர்பாகப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுவது யாதெனில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறக்கும் ஆணின் சொத்தை முதலில் பெறத்தக்க மனைவி, மகன், மகள், தாய் முதலியோரை 'முதல் வகுப்பு வாரிசுகள்' என அமர்த்தி, பெற்ற தகப்பனை ஏனோ இரண்டாம் வகுப்புக்கு அனுப்பிவைத்தது. ஆயினும் இவர்கள் அனைவரையும் முந்திக்கொள்ளும் ஒரு வாரிசை அது எண்ணிப்பார்க்கவில்லை. பத்தாண்டுகள் எவரும் கேட்டு வராத வங்கிக் கணக்கின் இருப்பு, 2014ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, நிதியைச் சென்று சேர்கிறது. 2023 பிப்ரவரி முடியப் பொதுத்துறை வங்கிகள் மட்டும் ஏறத்தாழ 35,000 கோடி ரூபாயை இவ்வாறு அனுப்பிவைத்தன. பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்காமல், கருமாதிக்கு வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல், பத்தாண்டு திண்ணையில் அமர்ந்திருந்தே இவ்வளவு பெற்ற பங்காளி வேறொருவர் இருக்க இயலாது.

நிதி அப்பணத்தை விழுங்கிவிடுகிறது என்பது அவதூறு. உரியவர் எந்நாளில் வந்து கேட்டாலும் வங்கி கொடுத்துவிட்டு நிதியிடம் ஈடு பெற்றுக்கொள்ளும். வட்டி தரும் கணக்காயின் 2021 மே முதல் ஆண்டுக்கு 3 விழுக்காடு தனிவட்டியும் உண்டு. வியப்பெல்லாம் நிதியின் பெயரில்தான். வைப்பாளருக்கு விழிப்பூட்டுவதற்கென நிறுவப்பட்ட ஓர் அமைப்பு அவர்களுடைய மறதியையே மூலதனமாகக் கொண்டிருப்பதால், அது தன் கடமையில் முழு வெற்றி காணும் நாளில் அதன் பெட்டி காலியாகிவிடும். அத்தகைய பேராபத்து அண்மையில் நேராது என்பதற்கான காரணங்களை எடுத்துரைத்து நிதிக்கு ஆறுதல் கூறுவதே இவ்விண்ணப்பத்தின் நோக்கம்.

முதற்காரணம் நாமினி. கணக்கில் நாமினியாகக் குறிக்கப்பட்டவரே சொத்துக்கு உடைமையாளர் என்று குடும்பங்கள் நம்பியிருக்க, உச்ச நீதிமன்றமோ 1984இல் ஒரு காப்பீட்டு வழக்கில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையேயன்றி உண்ணும் வாயல்ல என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தது. பிறகு 2015இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாயின் அவர்கள் உண்ணவும் செய்யலாம் என்றாயிற்று. வங்கிக் கணக்குக்கு அச்சலுகை வரவில்லை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை குறிக்கலாம் என்பதால், ஒருவரோடு முடிந்த மனத்தாங்கலை இனி நால்வருக்கும் பகிர்ந்தளிக்கும் வசதி கிடைத்திருக்கிறது. நாமினியே இல்லாத இடத்தில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும், சில வேளைகளில் உரிமையியல் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழும் தேவைப்படும். முன்னது இன்னார் வாரிசு என்று சொல்வது, பின்னது இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களையும் பத்திரங்களையும் வசூலிக்க அதிகாரமளிப்பது. இரண்டுக்கும் இடையே 'உரிமை' என்ற மூன்றெழுத்தே வேறுபாடு என்றாலும், அம்மூன்றெழுத்தைக் கடக்கும் வழியில் வக்கீல் கட்டணமும் வாய்தாக்களும் இருக்கின்றன.

இரண்டாம் காரணம் தமிழரின் இனிஷியல். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் மரபு, குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தோடு மோதும்போது, சு. முருகேசன் என்ற ஒரே மனிதர் பாஸ்புத்தகத்தில் எஸ். முருகேசனாகவும், ஆதாரில் முருகேசன் எஸ் ஆகவும், பான் அட்டையில் சுப்பையா முருகேசனாகவும், பாஸ்போர்ட்டில் தகப்பனையே குடும்பப் பெயராகச் சுமக்கும் முருகேசன் சுப்பையாவாகவும் நான்கு பிறவி எடுக்கிறார். இறந்தவர் ஒருவரே என்றாலும், கவுண்டரில் நால்வரும் தனித்தனியே இறந்தாக வேண்டியிருக்கிறது. இதற்கெனவே 'இருவரும் ஒருவரே' என்னும் சான்று வழக்கத்தில் உள்ளது. ஜீவனும் பிரம்மமும் ஒன்றே என நிறுவிய ஆதிசங்கரருக்கு நோட்டரி முத்திரை தேவைப்படவில்லை என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கேட்பாரற்ற வைப்புகளைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்த 'உத்கம்' தளமும் பெயரைத்தான் முதலில் கேட்கிறது.

இவற்றுக்கெல்லாம் மாற்றான உயிலுக்கு, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது எழுதியவரின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமுமே. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, மளிகைக் கணக்கு எழுதும் தாளே போதும். எனினும் மகளுக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்து, வாங்கிய நிலத்துக்கு முப்பதாண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கும் குடும்பத் தலைவர், உயில் என்ற சொல் காதில் விழுந்ததும் 'வாயில் நல்ல வார்த்தையே வராதா' என்று கடிந்துகொண்டு, வைப்பு ரசீதை மனைவிக்கும் தெரியாத இடத்தில் பத்திரப்படுத்துகிறார். திருடனுக்குத் தெரியக்கூடாது என்று வைத்தது வாரிசுக்கும் தெரியாமற் போவதால், அந்தப் பத்திரம் நிதிக்கே பயன்படுகிறது.

எனவே, நிதி தன் விழிப்புணர்வுப் பணியை இப்போதுள்ள வேகத்திலேயே நடத்திவருமாறும், உயில் படிவமும் நாமினிப் படிவமும் தமிழில், ஒரே பக்கத்தில், கணக்குத் தொடங்கும் நாளிலேயே கைக்குக் கிடைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுமாறும், குடும்ப அட்டையில் தன் பெயரைச் சேர்க்க உரிய படிவத்தில் விண்ணப்பிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
வாரிசுகள்.

இணைப்பு:
இறப்புச் சான்றிதழ் (நான்கு பெயர்களுள் ஒன்றுக்கு மட்டும்).
இனிஷியல் எழுத இடம் விட்ட படிவம் (கிடைக்கவில்லை).