கொல்லிப்பாவையும் இ-பாஸும்

மலையேறுகிற கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் யோசனை நீலகிரியில் 2024-இல்தான் பிறந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை. கொல்லிமலையில் அந்த வேலைக்குச் சங்க காலத்திலேயே ஆள் போட்டிருந்தார்கள். கொல்லிப்பாவை என்று பெயர். வெளியாள் வந்தால் சிரிப்பாள். சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் வீடு திரும்ப மாட்டான் என்பது கதை. மலையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. நீலகிரிக்குள் நுழைய வாங்கும் இன்றைய இ-பாஸிலும் உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. சிரிக்கிற இடத்தில் ஸ்கேன் செய்கிறார்கள்.

பாவைக்குப் பிறகு பொறுப்பைச் சாலை ஏற்றுக்கொண்டது. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு. பஸ்ஸில் வரும் வெளியூர்க்காரர்கள் பத்து வரை உரக்க எண்ணுவார்கள், இருபதில் குரல் தாழும், முப்பதுக்கு மேல் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். ஸ்பீட் பிரேக்கர், கேமரா, அபராதம் எதுவும் தேவைப்படாத போக்குவரத்துக் கட்டுப்பாடு இது.

நான் அடிவாரத்துக்காரன், சேந்தமங்கலம். சந்தை நாளில் சோளக்காட்டுக்கு ஏறி வாழைத்தாரோ பலாப்பழமோ வாங்கி வருவதோடு சரி. எனக்குச் சைக்கிள் பாதையைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இருந்ததில்லை, என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து கியர் சைக்கிளோடு வந்து இறங்கும்வரை. சைக்கிளின் விலையைச் சொன்னான். அந்தப் பணத்துக்கு நல்ல கறவை மாடே வாங்கலாம், சாணியும் கிடைக்கும் என்றாள் என் அக்கா.

எழுபது வளைவையும் மிதித்தே ஏறப்போவதாகச் சொன்னான். ஏறினான். நான் பஸ்ஸில் போய்ச் சோளக்காட்டு டீக்கடையில் காத்திருந்தேன். தலையில் ஹெல்மெட்டும் உடம்போடு ஒட்டிய கால்சட்டையுமாக, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவனைப் பார்த்து அங்கிருந்த ஆத்தா ஒருத்தி, “ஏஞ்சாமி, வழியில பெட்ரோல் தீந்துபோச்சா?” என்று கேட்டாள்.

“மாமா, இந்த ரோட்டுல ஒரு சைக்கிள் பாதை போட்டாங்கன்னா...” என்று ஆரம்பித்தான்.

“எங்க போடுறது மாப்ளே? ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் சுவரு, சுவருக்கு அந்தாண்ட நேரா நம்ம ஊருதான்.”

அவனுக்கு ஆறவில்லை. அவன் ஊரில் நடந்ததைச் சொன்னான். 2020-இல் வெளிவட்டச் சாலையில் கம்பம் நட்டுச் சைக்கிளுக்குத் தனிப்பாதை விட்டார்கள். பைக்குகள் உள்ளே புகுந்தன, கம்பங்கள் சாய்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் சர்ச் தெருவில் சனி, ஞாயிறுகளில் வண்டிகளை நிறுத்தினார்கள். மக்கள் நடுத்தெருவில் நடந்தார்கள், காற்றை அளந்து பார்த்தார்கள். பிப்ரவரியில் சோதனைக் காலம் முடிந்தது, வண்டிகள் திரும்பி வந்தன. நல்ல மார்க் வாங்கிய பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய மாதிரி இருந்தது அந்தக் கதை.

சென்னை பாண்டி பஜார் மட்டும் பிழைத்துக்கொண்டது. அங்கேயும் முதலில் சோதனைதான் நடத்தினார்கள். ஆனால் பிறகு நடைபாதையை அகலப்படுத்திக் கல்லைப் பதித்து, 2019 நவம்பரில் திறந்தேவிட்டார்கள். பிளாஸ்டிக் கம்பத்தை ஒரு ஆட்டோ சாய்த்துவிடும். கருங்கல்லைப் பெயர்க்க டெண்டர் விட வேண்டும்.

இதற்குள் டீக்கடை வழியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள். ஏற்றத்தில் பிள்ளைகள் சைக்கிளைச் சுமக்க வேண்டும், இறக்கத்தில் சைக்கிள் பிள்ளைகளைச் சுமக்கும். வருஷா வருஷம் சைக்கிள் வந்துகொண்டிருக்கிறது. அது ஓடுவதற்கான பாதை சோதனை அடிப்படையில்கூட வரவில்லை. மாப்பிள்ளை கேட்டது மலைச்சரிவுக்குப் பொருந்தாது. மேலே செம்மேட்டைச் சுற்றி, கொஞ்சம் சமமாக ஓடும் ரோடுகளில் ஒரு ஓரத்தை அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். அவர்கள் கியர் கேட்கவில்லை, பின்னால் வருகிற கார் ஹார்ன் அடித்துப் பள்ளத்தில் தள்ளாமல் இருந்தால் போதும்.

இ-பாஸுக்கு வருகிறேன். சீசனில் நாளொன்றுக்கு இருபதாயிரம் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கைப் பார்த்துத் திகைத்த சென்னை உயர் நீதிமன்றம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் ஜூன் 30 வரை இ-பாஸ் என்றது. பிறகு செப்டம்பர் வரை என்றார்கள், பிறகு மறு உத்தரவு வரும் வரை. 2025 ஏப்ரலிலிருந்து எண்ணிக்கையும் வந்துவிட்டது: சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் கடையடைத்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் டீக்கடையில் ஒரே பேச்சு, அடுத்தது நாமா? அறைகளை வாடகைக்கு விடுபவர் வேண்டாம் என்கிறார். குறுமிளகு விற்பவருக்கும் வேண்டாம். அருவிக்குப் போகும் வழியில் பாட்டில் பொறுக்குகிற அம்மா மட்டும், “நாளைக்கே போடட்டும்” என்கிறார். போடுவதற்கு முன்னால் கருத்துக் கேட்டால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

ஸ்வீடன்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஸ்டாக்ஹோம் நகருக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் என்றதும் அங்கும் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக வசூலித்தார்கள். நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனையை நிறுத்தியதும் நெரிசல் திரும்பியது. அதற்குப் பிறகுதான், செப்டம்பரில், வாக்கெடுப்பு. நகரத்து ஜனங்கள் கட்டணம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது. ருசி பார்க்க வைத்து, இலையை எடுத்துவிட்டு, அப்புறம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

நம் மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பதும் அந்த வரிசையைத்தான். ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா. அந்த இரண்டு நாளும், ஓராண்டுக்குச் சனி ஞாயிறுகளிலும், வெளியூர்க் கார்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, அடிக்கொரு பஸ் விடட்டும். பஸ் விடாமல் காரை மட்டும் நிறுத்தினால் அதற்குப் பெயர் சோதனை இல்லை, தண்டனை. ஓராண்டு முடிந்ததும் ஒரு மாதம் எல்லாவற்றையும் பழையபடி அவிழ்த்துவிடட்டும். அதன் பிறகு டீக்கடைக்கு வந்து கருத்துக் கேட்கட்டும். அறை வாடகைக்காரரும் வேறு மாதிரி பேசக்கூடும். பேசாவிட்டால் சரி, விட்டுவிடலாம்.

அதுவரை வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வண்டிக்கு இடம் போதாத மலைச்சாலையில், ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். இது சோதனை அடிப்படையில் போட்ட விதி இல்லை.