ஸ்காட்லாந்துக் கடிதம்: ஏழு கனவான்களும் ஒரு சதுப்பும்

ரானக் மூர், ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் கிளென்கோ பள்ளத்தாக்குக்குக் கிழக்கே கிடக்கும் சதுப்பு. பரப்பு சுமார் 130 சதுர கிலோமீட்டர். மேற்குப் பக்கம் ஏ82 நெடுஞ்சாலை, கிழக்குப் பக்கம் ரயில் பாதை. வடக்கு ஓரமாக ஒரு தடம் உண்டு. நடுப்பகுதியில் அதுவும் கிடையாது. ஊர் இல்லை, டீக்கடை இல்லை, வழி கேட்க ஆளும் இல்லை. குடியேறிய தமிழர்கள் இங்கே வருவது பெரும்பாலும் உள்ளூர் நண்பர் ஒருவர் “சும்மா ஒரு நடை போய் வரலாம்” என்று அழைப்பதால்தான்.

கடைசிப் பனியூழியில் இந்த மேட்டுநிலத்தின் மேல் பெரும் பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. அது குடைந்து வைத்த கிரானைட் பாறைப் பள்ளத்தில், பனி உருகிய பிறகு தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கியது. மேற்குக் கடலிலிருந்து வரும் மழையும் தேவைக்கு மேல் பெய்கிறது. அந்த ஈரத்தில் ஸ்ஃபேக்னம் என்ற பாசி செழிக்கிறது. தன் உலர்ந்த எடையைப் போல் பல மடங்கு தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத புளித்த நீரில் செத்த பாசி மக்குவதில்லை. படிந்து படிந்து பீட் என்னும் கரிய மண்ணாகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டு ஆகிறது; அதில் தொடைவரை இறங்க ஒரு நொடி போதும். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நின்ற பைன் மரங்களின் வேர்க்கட்டைகள் இன்றும் அழுகாமல் பீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கின்றன.

நடப்பதற்குச் சில விதிகள் உண்டு. ஹெதர் புதர் வளர்ந்த இடம் ஓரளவு கெட்டி. புல்திட்டு ஆடும், ஆனாலும் தாங்கும். பளிச்சென்ற பச்சை நிறத்தில், கம்பளம் விரித்தாற்போல் அழைக்கும் சமதளம்தான் ஆபத்து. கால் வைத்தால் பூட்ஸை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். கையில் கம்பு, வரைபடம், திசைகாட்டி மூன்றும் வேண்டும். மூடுபனி இறங்கினால் ஒவ்வொரு குட்டையும் முந்தைய குட்டையாகவே தெரியும். நேர்கோட்டில் போக முடியாது. ஒவ்வொரு நீர்நிலையையும் சுற்றியே போகவேண்டும். எனவே வரைபடத்தில் பக்கமாகத் தெரியும் இடம் காலுக்குப் பக்கமாக இருப்பதில்லை.

நுழைய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம். விசா, வாடகை, வரி என்று எதற்கும் படிவம் நிரப்பிப் பழகிய குடியேறிக்கு இது முதலில் நம்பிக்கை தருவதில்லை.

கோடையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு வரும். நம் ஊர்க் கொசு தனியாகப் பாடிக்கொண்டு வரும். இது சத்தமின்றி ஆயிரக்கணக்கில் வரும். கடிப்பது பெண் மட்டுமே. மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வருவதால், மூச்சுவிடாதவர்களுக்குப் பயமில்லை. காற்று சற்றே வேகமாக வீசினால் மிட்ஜால் பறக்க முடியாது. எனவே ஊரெல்லாம் சபிக்கும் குளிர்காற்றை இங்கே நடப்பவர்கள் வேண்டி நிற்கிறார்கள்.

இந்தச் சதுப்பின் புகழ்பெற்ற நடை 1889 ஜனவரி இறுதியில் நடந்தது. ரயில் பாதை போடமுடியுமா என்று பார்க்கக் கனவான்கள் ஏழு பேர் கிளம்பினார்கள். பொறியாளர் சார்ல்ஸ் ஃபோர்மன், ஒப்பந்ததாரர் ராபர்ட் மக்ஆல்பைன், ஒரு வழக்கறிஞர், எஸ்டேட் நிர்வாகிகள் அவர்களில் அடக்கம். உடுத்தியது நகரத்து உடை, கையில் குடை. மழையில் பொழுது சாய்ந்தது, வயதானவர் ஒருவர் நடக்கமுடியாமல் சாய்ந்துவிட்டார், கூட்டம் சிதறியது. ஒருவர் இருட்டில் வேலியில் தடுக்கி விழுந்து மயங்கினார். விழித்ததும் அதே வேலியைப் பிடித்துக்கொண்டே போய் மேய்ப்பர்களைக் கண்டார். அவர்களால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். மறுநாள் பனிப்புயல் வீசியது. ஒரு நாள் தாமதித்திருந்தால் ரயில் பாதைக்கு முன்பே ஏழு கல்லறைகள் அமைந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பாதை போடத்தான் செய்தார்கள். கொட்டிய மண்ணையெல்லாம் சதுப்பு விழுங்கியது. கடைசியில் மரவேர்களையும் சுள்ளிக்கட்டுகளையும் மெத்தையாகப் பரப்பி, அதன்மேல் ஆயிரக்கணக்கான டன் மண்ணும் சாம்பலும் கொட்டி, தண்டவாளத்தை மிதக்க விட்டார்கள். பணம் தீர்ந்தபோது ரென்டன் என்ற ரயில் நிறுவன இயக்குநர் சொந்தப் பணத்தைப் போட்டார். தொழிலாளர்கள் நன்றியோடு பாறையில் செதுக்கிய அவர் தலை இன்றும் ரானக் நிலையத்தில் இருக்கிறது. பாதை 1894இல் திறந்தது. அன்று மழையில் நனைந்த மக்ஆல்பைனுக்கு இந்த வேலை கிடைக்கவில்லை. பின்னர் மலெய்க் வரையான நீட்சியைக் கட்டினார். ஹாரி பாட்டர் படத்தில் ரயில் வளைந்து போகும் கிளென்ஃபின்னன் பாலம் அதில் உள்ளதுதான்.

கிளாஸ்கோவிலிருந்து ரானக்குக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அடுத்த நிலையம் கோரூர். 408 மீட்டர் உயரம், பொதுச்சாலையே கிடையாது. ரயில்கள் நாளுக்குச் சிலவே. திரும்பும் வண்டியைத் தவறவிட்டவருக்கு ஆட்டோ கிடைக்காது. மே மாதமே உத்தமம்: பகல் நீளம், மிட்ஜ் பெரும்பாலும் பிறந்திருக்காது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு ஜன்னலோர இருக்கையும் ஒரு ஃபிளாஸ்க் காப்பியும் போதும். சதுப்பு முழுவதும் காட்சிக்குக் கிடைக்கும். செருப்பும் காலிலேயே இருக்கும்.