வரலாற்றில் மாஸ்டர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கே: மகள் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் பட்டம் முடிக்கிறாள். அதிலேயே மாஸ்டரும் செய்யப் போறாளாம். டொக்டர், இஞ்சினியர் எண்டால் சனத்துக்குச் சொல்லலாம். இதை என்னெண்டு சொல்லுறது?
(ஒரு தகப்பன், லில்லெஸ்ட்ரோம்)

ப: "என்ர மகள் வரலாற்றாசிரியர்" என்று சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா. சோற்றுக்கும் வழியுண்டு: மாஸ்டருக்குப் பிறகு ஒரு வருட ஆசிரியப் பயிற்சி எடுத்தால் உயர்பள்ளியில் லெக்டர். ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், அமைச்சு எல்லாவற்றிலும் இவர்களுக்கு இடமுண்டு.

கே: மாஸ்டரை எப்பிடிச் செய்யிறது எண்டு பயமாக் கிடக்கு. எதில் கவனம் வைக்கிறது?
(மாணவி, லில்லெஸ்ட்ரோம்)

ப: ஆய்வுக் கேள்வியில், பிள்ளை. மாஸ்டரின் 120 கல்விப் புள்ளிகளில் 60 ஆய்வேட்டுக்கே போகிறது; படிப்பில் பாதி ஒரே கேள்விக்குள் கழியும். "நோர்வேத் தமிழர்" என்பது கேள்வியல்ல, அது ஒரு தட்டு நிறையப் புத்தகம். எண்பதுகளில் வந்த தமிழரை வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகள் ஏன் வேலைக்கு எடுத்தன, பிறகு அவர்கள் ஏன் ஒஸ்லோப் பக்கம் இறங்கினார்கள்? இது கேள்வி. உங்கள் ஊரிலும் ஒன்று கிடக்கிறது. பக்கத்து ஃபெட்சுண்டில் ஆற்றில் மரம் மிதக்கவிடுவது 1985இல் நின்றது. மரத்தால் வளர்ந்த லில்லெஸ்ட்ரோம் அதன்பின் யாருடைய உழைப்பில் ஓடியது?

கே: எங்கட ஆக்களைப் பற்றி ஆவணம் எங்கே இருக்கு?
(அதே மாணவி)

ப: பாதி சொக்ன்ஸ்வானில், தேசிய ஆவணக் காப்பகத்தில். பல்கலைக்கழகம் இருக்கும் பிளின்டர்னுக்குப் போகும் அதே 5ஆம் இலக்க மெட்ரோவில் கடைசிவரை இருங்கள், போதும். மற்றப் பாதி உங்கள் வீட்டுப் பரணில். குருநகர் அந்தோனி இராஜேந்திரம் 1956இல் இங்கே வந்தார். பின்னர் யாழ்ப்பாணத்து மீனவருக்காகச் சீநோர் திட்டத்தைத் தொடங்கினார். அவர் வழியே வந்தவர்களும், நாட்டார் உயர்பள்ளி அனுமதிக் கடிதத்தோடு வந்தவர்களும் இன்று முதியவர்கள். அந்த அனுமதிக் கடிதம், நீல நிற விமானக் கடிதம், மீன் தொழிற்சாலைச் சம்பளத் துண்டு: வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான். எனக்கு நெஞ்சு பதறுகிறது. எறிய விடாமல் எடுத்து வையுங்கள்; தாளிலுள்ள துருப்பிடித்த கிளிப்பைக் கழற்றுங்கள். குறிப்பெழுதப் பென்சில் மட்டும். ஆய்வுக்காகப் பேட்டி எடுக்குமுன் ஆய்வுத் தரவுகளைக் கவனிக்கும் 'சிக்த்' நிறுவனத்துக்கு அறிவித்து, பெரியவரின் சம்மதத்தையும் வாங்குங்கள்.

கே: என்ர எழுத்துத் தமிழ் தட்டுத்தடுமாறும். பழைய கடிதங்களை வாசிக்க இது போதுமோ?
(இன்னொரு மாணவி, ஸ்ட்ரொமன்)

ப: அந்தத் தமிழ்க் கடிதங்களில் ஒரு வரிகூட உங்கள் பேராசிரியருக்கு விளங்காது. உங்களுக்கு மெதுவாகவாவது விளங்கும். அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். எழுத்தும் பழகும், கதையும் வரும்.

கே: யாழ்ப்பாணத்தில் இருக்கிற மருமகனும் இங்கே வந்து இதையே படிக்கலாமோ?
(ஒரு மாமி, லில்லெஸ்ட்ரோம்)

ப: படிக்கலாம் மாமி, ஆனால் வரலாற்று மாஸ்டருக்கு நோர்வேஜிய மொழி வேண்டும். 2023 இலையுதிர்காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து புதிதாய் வருகிறவர்கள் கல்விக் கட்டணமும் கட்ட வேண்டும். முதலில் மொழியைத் தொடங்கச் சொல்லுங்கள், ரிக்கெற் பிறகு.