அக்டோபர் 31-இல் பேய் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு நண்பர்கள் எல்லாம் ஹாலோவீன் பார்ட்டி என்று மண்டை ஓடு மாட்டிக்கொண்டு படம் போடுகிறார்கள். நம் தருமபுரியில் அப்படி எதுவும் கிடையாதா?
- விடுமுறைக்கு ஊர் வந்த ஐ.டி. இளைஞர், பாலக்கோடு

பதில்: அக்டோபர் 31 ராத்திரி தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வெள்ளைப் புடவையில் ஒருவர் தனியாக நின்றால், அவர் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். தேதியும் நமக்குத் தோதாக இல்லை, அடிக்கடி தீபாவளியோடு உரசும். 2024-இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஆயிரம்வாலா வெடிக்கிற தெருவில் எந்தப் பேய் நிற்கும்? பார்ட்டிதான் வேண்டும் என்றால் வந்த வழியே பெங்களூருக்குத் திரும்புங்கள். வேஷம், மயானம், மண்டை ஓடு இதெல்லாம் வேண்டும் என்றால் மாசி வரைக்கும் பொறுங்கள். உள்ளூரிலேயே கிடைக்கும், டிக்கெட்டும் இல்லை.

கேள்வி: மயானக் கொள்ளையை ‘நம்ம ஊர் ஹாலோவீன்’ என்று ரீல்ஸ் போட்டேன். பாட்டி இரண்டு நாளாகப் பேசவில்லை. நான் சொன்னது தப்பா?
- கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: பாட்டி இரண்டு நாளோடு விட்டாரே! மகா சிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையை ஒட்டி நடப்பது மயானக் கொள்ளை. மேல்மலையனூர்தான் இதற்குத் தலைமையிடம். தருமபுரியிலும் அங்காளம்மன் கோயில்களிலிருந்து ஊர்வலம் மயானத்துக்குப் போகிறது. கதை தெரியும்தானே? சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம், அவருக்குப் போடும் சோற்றையெல்லாம் தானே தின்றுவிடுகிறது. பார்வதி மயானத்தில் உணவைச் சூறைவிடுகிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்குகிறது. அங்காளியாக நின்று அதை மிதித்து அடக்குகிறாள். அதனால்தான் இன்றும் சனங்கள் தானியம், காய்கறி, சில்லறை என்று விளைந்ததையும் கையில் இருப்பதையும் வாரி இறைக்கிறார்கள். காளி வேஷம், நீட்டிய நாக்கு, முகமெல்லாம் சாயம், காதைக் கிழிக்கும் பம்பை, எல்லாம் உண்டு.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மேற்கே வேஷம் போட்டவர் வீட்டுக்கு வீடு போய் மிட்டாய் கேட்கிறார். இங்கே விரதமிருந்து வேஷம் கட்டியவர் சாமி. அவர் காலில் விழுந்து நாம்தான் கேட்கிறோம். போய்ப் பாருங்கள், தள்ளி நின்று பாருங்கள். அருள் வந்து ஆடுகிறவர் மூக்குக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சு தானாக வந்துவிடும்.

கேள்வி: மகள் படிக்கும் பள்ளியில் பூசணிக்காயில் முகம் செதுக்கி வரச் சொல்கிறார்கள். எந்தப் பூசணி வாங்குவது?
- ஒரு தாய், அரூர்

பதில்: மஞ்சள் பூசணி. தோண்டி எடுத்த சதையைக் கொட்டிவிடாதீர்கள், ராத்திரிக்குக் கூட்டு ஆச்சு. அயர்லாந்துக்காரர்கள் முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கைத்தான். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு பெரிய காயாகப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். நமக்கும் பூசணி புதிதல்ல. புது வீட்டு முகப்பில் கோரைப்பல் அரக்கன் முகம் எழுதித் தொங்கவிடுகிறோம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று மகளை அழைத்துப் போங்கள். சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி அதில் விளக்கேற்றுவார்கள், வரிசை வரிசையாக எரியும். பள்ளியில் பரிசு கிடைக்காவிட்டாலும், வகுப்பில் சொல்ல அவளுக்கு ஒரு சேதி கிடைக்கும்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் நள்ளிரவில் ஏதோ உலாவுவதாகச் சொல்கிறார்களே?
- நல்லம்பள்ளி வாசகர்

பதில்: டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரி. பேயைவிட அதற்கு ஒதுங்குங்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பையன். மயானம் என்றால் அலறுவான். ஆனால் ‘திகில்’ வேண்டுமாம்!
- குடும்பஸ்தர், காரிமங்கலம்

பதில்: ஒகேனக்கல். முதலைப் பண்ணையில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையை ஐந்து நிமிடம் பார்க்கட்டும், எந்தப் பேய்ப் படமும் அதற்கு ஈடில்லை. அக்டோபரில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தடை இல்லையென்றால் லைஃப் ஜாக்கெட் போடாமல் பரிசலில் கால் வைக்காதீர்கள். திகில் அந்த அளவுக்கு வேண்டாம். வீட்டோடு பார்க்கப் படம் வேண்டுமென்றால் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’. 1984-இல் வந்த, இந்தியாவின் முதல் 3டி படம்.

கேள்வி: எல்லாம் சிறுசுகளுக்கே சொல்கிறீர்கள். எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பென்னாகரம்

பதில்: கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. விடிய விடிய உட்காரத் தெம்பிருந்தால் அதற்கு மேல் கேளிக்கை இல்லை. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊரளவு நீளத்துக்குக் கிடப்பான்.

கூட்டம் ஆகாது என்றால் நடுகல் பாருங்கள். செத்தவர்களை நினைக்க ஒரு நாள் ஒதுக்குகிறது உலகம். அக்டோபர் 31 முடிந்து இரண்டாம் நாள் கல்லறைத் திருநாள். நாம் ஆளுக்கு ஒரு கல்லே நட்டோம். மாடு மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மல்லுக்கு நின்றவன் எனத் தமிழ்நாட்டில் நடுகற்கள் நிறையக் கிடைக்கும் மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் வார்க்கிறார்கள். அங்கே பேய்க்கு மிட்டாய், இங்கே வீரனுக்குக் கள். பெரியவர்களுக்கான நிகழ்ச்சி எது என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.