காற்றுப் பிடிக்கப் போன காக்கா

எங்கள் ஊரில் காக்கா என்றால் பறவையல்ல, அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதையில் பறவையும் வரும், காக்காவும் வருவார். இரண்டு பேருமே பசளைக்காரர்கள்.

மூத்தாப்பாவுக்கு நாவிதன்வெளி வட்டையில் மூன்று ஏக்கர். கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி வரவேண்டும். மாரி வெள்ளத்தில் தாம்போதிக்கு மேலால் தண்ணி, தண்ணிக்கு மேலால் தோணி. நான் ஓ.எல். படித்த காலத்தில் ஒருநாள் வயல் வாடியில் வைத்து அவரிடம் என் மேதாவிலாசத்தைக் காட்டினேன். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். ஒரு சதுர மீற்றர் நிலத்தின் தலைக்கு மேலே 7 தொன்னுக்குக் கூட. “அப்பிடிப் பாத்தா ஒங்கட மூணு ஏக்கருக்கு மேல 90,000 தொன் சும்மா நிக்கிது மூத்தாப்பா.”

அவர் வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கினார். “அப்ப நான் என்னத்துக்கு மனே ரெண்டு பேக் யூரியாவுக்கு வெள்ளாப்புல எழும்பி வரிசையில நிக்கன்?”

புத்தகத்தில் அந்தக் கேள்வி இருக்கவில்லை. அதற்கு விடை தேடிப்போன உலகம் பட்ட பாட்டைப் பிறகுதான் படித்தேன்.

சிக்கல் இதுதான். காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் சோடி சோடியாகக் கைகோத்து நிற்கின்றன. ஒரு பிடியல்ல, மூன்று பிடி. ஊரிலுள்ள தம்பதிகள் இப்படி இருந்தால் காதி நீதிமன்றத்துக்குப் பூட்டுப் போட்டுவிடலாம். இந்தச் சோடியைப் பிரித்தால்தான் பயிர் வாயில் வைக்கும்.

பிரிக்கத் தெரியாத 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா, காற்றைக் கைவிட்டு எச்சத்தில் இறங்கியது. பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் சிஞ்சா தீவுகள். மழையே விழாத இடம் என்பதால் கடற்பறவைகள் தலைமுறை தலைமுறையாகப் பேண்டதெல்லாம் கரையாமல் மலையாகக் குவிந்து கிடந்தது. அதற்குக் குவானோ என்று மரியாதையான பெயர் வைத்துக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். 1856இல் அமெரிக்கா சட்டமே போட்டது: ஆருமில்லாத தீவில் பறவை எச்சத்தைக் கண்டெடுக்கிற அமெரிக்கப் பிரசை, அந்தத் தீவை அமெரிக்காவின் பெயரில் உரிமை கோரலாம். 1864இல் ஸ்பெயின் கடற்படை வந்து சிஞ்சா தீவுகளையே பிடித்துக்கொண்டது. பதக்கமெல்லாம் குத்திய தளபதி மூக்கைப் பொத்திக்கொண்டு கொடியேற்றியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த மலைகளைத் தோண்டியவர்கள் சீனாவிலிருந்து ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட கூலிகள். அந்தப் பகுதியில் சிரிக்க ஒன்றுமில்லை.

எச்சம் தீர, பாலைவனத்து வெடியுப்பு. அதற்காக 1879இல் சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் மறுபக்கம். சண்டை ஓய்ந்தபோது பொலிவியாவிடம் ஒரு முழம் கடற்கரை மிஞ்சவில்லை. கடற்படை மட்டும் இன்றைக்கும் இருக்கிறது.

1898இல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி பிரிஸ்டல் நகரத்தில் எழுந்து, வெடியுப்பும் ஒருநாள் தீரும், காற்று நைதரசனைப் பிடிக்காவிட்டால் வெள்ளைக்காரனுக்குப் பாண் இல்லை என்று குத்பா ஓதினார். சோறு தின்கிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலை குறைவு.

அந்தக் குத்பாவுக்கு ஆமீன் சொன்னவர் ஜேர்மனியின் பிரிட்ஸ் ஹாபர். 1909 ஜூலை, கார்ல்ஸ்ரூ நகரம். நைதரசனையும் ஐதரசனையும் 500 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், வளிமண்டலத்தைப் போல 200 மடங்குக்குக் கிட்டிய அமுக்கத்தில் நசுக்கி அமோனியா எடுத்துக் காட்டப்போகிறார். பார்க்க வந்தவர்கள் பாஸ்ஃப் கம்பனியின் கார்ல் பொஷ், அல்வின் மிட்டாஷ். தொடங்கும் நேரம் பார்த்து ஒரு புரியாணி தெறித்தது. பொஷ்ஷுக்கு வேறு சோலி, கிளம்பிவிட்டார். மிட்டாஷ் மட்டும் மினக்கெட்டு இருந்தார். பொழுதுபடுவதற்குள் குழாயில் அமோனியா சொட்டுச் சொட்டாக ஏறியது. 1913இல் ஓப்பாவில் தொழிற்சாலை. மூத்தாப்பாவின் பேக் யூரியாவுக்குப் பேறுகாலம் பார்த்தது அந்தப் புரியாணிதான்.

அதே ஹாபர் 1915இல் ஈப்ரே போர்முனையில் நச்சு வாயுவைத் திறந்துவிட மேற்பார்வை பார்த்தார். 1918க்கான நோபல் பரிசையும் வாங்கினார். இந்த மனிதரை வாழ்த்துவதா வைவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஓப்பாவில் 1921இல் பசளைக் குவியல் இறுகிக் கல்லாகிவிட்டது. எங்கள் பக்கம் யூரியா இறுகினால் மண்வெட்டிப் பிடியால் இரண்டு தட்டு. அங்கே டைனமைட் வைத்தார்கள். அது வழக்கமான வேலையாம். அன்றைக்கு 500 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இவ்வளவு கூத்தும் நடக்கும்போது, அதே வேலையை நெருப்புமில்லாமல் புரியாணியுமில்லாமல் மண்ணுக்குள் செய்துகொண்டிருந்தவர்களை வெகுகாலம் ஆரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் கோட்டை விட்டார்கள். 1857இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் லோஸ், கில்பேர்ட், பியூ மூவரும் அவரை, கோதுமை எல்லாவற்றையும் கண்ணாடிக் கூண்டுக்குள் நட்டுக் காற்றிலிருந்து நைதரசன் எடுக்கிறதா என்று சோதித்தார்கள். சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். மண்ணையே தழலில் சுட்டார்கள். கடைசியில் ‘எந்தப் பயிரும் எடுக்கவில்லை’ என்று தீர்ப்பு. எடுத்துக் கொடுக்கிற பற்றீரியாவைச் சுட்டுக் கொன்றுவிட்டு அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் எப்படி வரும்?

கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து, 1886இல், ஹெல்ரீகல் என்ற ஜேர்மன்காரர் அவரைச் செடியின் வேர் முடிச்சுகளில் கிருமிகள் குடியிருந்து வேலை செய்வதைக் காட்டினார். 1888இல் பெய்யரிங்க் அந்தக் கிருமியைப் பிடித்துத் தனியே வளர்த்தார்.

ஆள் பிடிபட்டாலும் ஆயுதம் பிடிபடவில்லை. கிருமிக்குள் இருந்து சோடியைப் பிரிக்கிற நொதியத்துக்கு நைதரசனேஸ் என்று பெயர். ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். நாம் மூச்சுவிடுகிற இடத்தில் அதற்கு மௌத்து. 1960இல்தான் அமெரிக்காவில் டூப்பொன்ட் ஆய்வுகூடத்தில் கார்னஹனும் மோர்ட்டன்சனும் கூட்டாளிகளும் கிருமியை உடைத்து எடுத்த சாற்றை நம்பகமாக வேலை செய்யவைத்தார்கள். 1992இல் அதன் இருதயத்தின் வடிவம் தெரிந்தது: இரும்பு, கந்தகம், ஒரு மொலிப்டினம் எல்லாம் கோத்த சின்னக் கூண்டு. கூண்டின் நடுவே என்னவோ இருக்கிறது என்பது 2002இல் தெரிந்தது. அது காபன் என்பது 2011இல். ஒரு அணுவின் பெயரைக் கேட்க 19 வருஷம்; காணி உறுதி கிழக்கில் இதைவிட வேகமாகக் கிடைக்கும். ஒரு சோடியைப் பிரிக்க நொதியம் குறைந்தது 16 ஏ.ரி.பி. கேட்கிறது, அதாவது கலத்தின் கைக்காசு 16 தாள். அதிலும் ஒரு பங்கை ஐதரசனாக வெளியே விட்டுவிடுகிறது. கொமிஷன் இல்லாமல் வேலை நடக்காது போல.

இனிக் காக்கா.

நெல்வயலில் முடிச்சு வைக்கிற வேர் இல்லை. ஆனால் தண்ணியில் மிதக்கிற நீலப்பச்சைப் பாசி அந்த வேலையைப் பார்க்கிறது என்று வங்காள வயல் மண்ணை வைத்து பி.கே. டே 1939இல் எழுதினார். இந்தப் பாசியில் அனபீனா என்று ஒன்று, தஸ்பீஹு மணிபோலக் கலங்கள் கோத்த சரம். எல்லா மணியும் பச்சை. வெயில் காய்ந்து சீனி செய்யும், ஒட்சிசன் விடும். பத்து மணிகளில் ஒன்று மட்டும் தடித்த தோலோடு வெளிறி நிற்கும். ஹெற்றரோசிஸ்ற் என்பது புத்தகப் பெயர். அது ஒட்சிசன் விடுவதை நிறுத்திவிட்டது. வெளி ஒட்சிசன் புகாமல் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு உள்ளே நைதரசனைப் பிரித்துத் தம்பி தங்கச்சிகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் சீனி அனுப்புகிறார்கள். இனி அது பிரிந்து பெருகாது. அதற்குப் பிள்ளைகுட்டி இல்லை.

வீட்டுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார், இல்லையா? மூன்று தங்கச்சிமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கலியாணம் என்று கட்டாருக்குப் போய், அறையில் ஏசியைப் போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு, காசு மட்டும் அனுப்புகிற காக்கா. தலை நரைத்த பிறகு ஊருக்கு வந்து மருமக்களின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பார்.

பாசிச் சரத்தில் இந்தக் காக்கா எப்போது புறப்படுகிறார் என்று பார்த்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர்: பின்னாளில் பேராதனைப் பேராசிரியரான எஸ்.ஏ. குலசூரிய. லாங், ஃபே என்ற இருவரோடு சேர்ந்து அந்தக் கலத்தின் உருமாற்றத்தையும் அதன் நைதரசனேஸ் வேலையையும் பற்றி 1972இல் லண்டன் றோயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதினார். விஷயம் சுருக்கமானது. தண்ணியில் அமோனியா இருந்தால் காக்கா பிறப்பதேயில்லை. எல்லாரும் வீட்டில் படுத்துக்கிடப்பார்கள். அமோனியாவை எடுத்துவிட்டால் ஒருநாள் போல ஆகும். சரத்தில் அங்கங்கே ஆள் மாறத் தொடங்கும்.

சிக்காகோவில் 1985இல் கோல்டன், றொபின்சன், ஹேசல்கோர்ன் மூவரும் கண்டது இன்னும் உருக்கம். காக்காவாக மாறும்போது அந்தக் கலம் தன் மரபணுவின் நடுவே கிடந்த 11,000 எழுத்துத் துண்டை வெட்டியெறிகிறது. வெட்டினால்தான் நைதரசன் மரபணு ஒட்டிச் சேர்ந்து வேலை செய்யும். திரும்பி வருகிற ரிக்கெட்டைக் கிழித்துவிட்டு விமானம் ஏறுகிறார். பக்கத்துக் கலங்களுக்கு ஒரு சின்னப் புரதத் துண்டையும் அனுப்பிவிடுகிறார், ‘நான் போறன், நீங்க இரிங்க’ என்று. அந்தத் துண்டு 1998இல் பிடிபட்டது.

அவரையினமும் சளைத்ததல்ல. கௌபி விதை முளைத்து வேர்விடும்போது மண் ஏழையாக இருந்தால் வேர் ஒரு வாசத்தைக் கசியவிடும். அது பட்ட பற்றீரியாவில் உறங்கிய மரபணு விழித்து, ‘வாறன்’ என்று பதில் மணம் அனுப்பும். குழந்தைப் பருவத்திலேயே வேர் யூரியாவை ருசி பார்த்துவிட்டால் கூப்பிடவும் மாட்டாது, முடிச்சும் வைக்காது. வயிற்றுப்பாட்டுக்கு வழியிருக்கும்போது விருந்தாளி எதற்கு?    

எங்கள் வட்டை வளர்ந்த விதமும் கொஞ்சம் கேட்கவேண்டும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனி அணை கட்டி, வாய்க்கால் வந்தது. 1962இல் பசளை மானியம் வந்தது. 2005க்குப் பிறகு கொஞ்சக் காலம் 50 கிலோ பேக் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய நெல்லினங்களான சீனட்டிக்கும் பச்சைப்பெருமாளுக்கும் இவ்வளவு யூரியா போட்டால் உயரமாக வளர்ந்து பாயில் படுத்துவிடும். ஆகவே கட்டையான புதிய இனங்கள் வந்தன. அவை படுக்காது, ஆனால் தின்னும். ஹெக்டெயருக்கு நூறு கிலோவுக்குக் கிட்ட நைதரசன் கேட்கும். வயலிலுள்ள பாசியும் கிருமியும் சேர்ந்து சராசரி ஒரு போகத்துக்கு 30 கிலோ கொடுக்கலாம், அதுவும் பட்டினி போட்டால்தான். யூரியா விழுந்த வயலில் காக்காமாருக்கு விசா கிடையாது.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது: இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தம். அறுபது வருஷம் வீட்டில் படுத்துக்கிடந்தவனை ‘நாளைக்கு கட்டார் போ’ என்று சொன்ன மாதிரி. காக்கா நல்லவர், ஒருநாளில் புறப்பட்டும் விடுவார். அவர் அனுப்புகிற 30 கிலோவில் நூறு கிலோ வாய்க்கு எந்த மூலை நிரம்பும்?

அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் வயல்கள் மஞ்சள் காமாலை பிடித்து நின்றன. சீனாவிலிருந்து சேதனப் பசளை கப்பலில் வந்தது. அதில் தீய பற்றீரியா இருக்கிறது என்று இங்கே இறக்கவிடாமல் திருப்பினார்கள். கிருமியை நம்பிப் பசளையை நிறுத்திய நாடு, கிருமி வந்ததும் கதவைச் சாத்தியது. 2022 ஜனவரியில் அதற்கு 67 இலட்சம் டொலரும் கட்டியது. இந்தியாவிலிருந்து நனோ யூரியா விமானத்தில் வந்தது. அரை லீற்றர் போத்தல் ஒன்று, ஒரு பேக் யூரியாவுக்குச் சமன் என்றார்கள். நூற்றுக்கு 4 பங்கு நைதரசன் என்று சொல்லப்பட்டது. நான் கணக்குப் போட்டேன். போத்தலில் 20 கிராம். அவர்கள் சொன்ன 45 கிலோ பேக்கில் 20 கிலோவுக்குக் கூட. மூத்தாப்பாவிடம் சொன்னேன்.

“போத்தல்ல தைலம் அடைச்சிருந்தா முதுகிலயாவது பூசியிருப்பன்” என்றார்.

மறுகா வந்த சிறுபோகத்தில் மேட்டுத் துண்டில் கௌபி போட்டிருந்தோம். வாடிச் சுவரோரம், முந்திப் பழைய பேக் கிழிந்து யூரியா கொட்டிய இடத்தில், செடி கரும்பச்சையாகக் கொழுத்து நின்றது. வரம்புக்குப் பக்கத்தில் நின்றது சவலை. மூத்தாப்பா இரண்டையும் பிடுங்கி வாய்க்கால் தண்ணியில் அலசினார். கொழுத்ததன் வேர் வெறும் நூல். சவலையின் வேரில் மிளகு மிளகாக முடிச்சு. ஒன்றை நகத்தால் நசுக்கினார், உள்ளே இளஞ்சிவப்பு. நொதியத்துக்கு ஒட்சிசன் படாமல் காவல் நிற்கிற ஈமோகுளோபின் அது. நம் இரத்தத்தில் ஓடுவதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

“ரெத்தம் மாதிரி இரிக்கி” என்று நகத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். “இதுக்குள்ளயா ஒண்ட காக்கா இரிக்கார்?”

“இவரு காக்காட மச்சான், மூத்தாப்பா. வேற கொம்பனி.”

அவர் அந்தச் செடியை, வேரில் முடிச்சோடு, திரும்ப அதே குழியில் நட்டு மண்ணை மிதித்துவிட்டார். பிடுங்கின செடி பிழைக்காது என்று அவருக்குத் தெரியாததல்ல. கையைச் சாரனில் துடைத்தபடி சொன்னார்: “டவுனுக்கு யூரியா வந்திட்டாமா எண்டு ஒருக்காப் போன் அடிச்சுக் கேளு மனே.”