மூன்று வயரில் ஒரு வாக்குமூலம்

கண்டி டவுனில் பழுதான எந்தச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "போர்ட் போயிருச்சு." ஏன் போனது என்று கேட்டால் மரியாதை தெரியாத ஆளாகப் பார்ப்பார்கள். அக்கா மகனின் கையடக்க கேம் கருவிக்கும் அதே தீர்ப்பு வந்தது. திரையில் லோகோ மட்டும் பளிச்சென்று நிற்கும், கேம் வராது.

கருவியிடமே கேட்டுவிடுவது என்று நான் தீர்மானித்தேன். அதன் வயிற்றுக்குள் இருப்பது முழு லினக்ஸ் கணினி. எழும்பும்போது தன் கஷ்டநஷ்டங்களை வரிவரியாகப் புலம்பிக்கொண்டேதான் எழும்பும். அந்தப் புலம்பலைக் கேட்கும் வழிதான் சீரியல் கன்சோல். செய்தவர்கள் தங்கள் சோதனைக்காக வைத்த டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), கிரவுண்ட் என்ற மூன்று செப்புப் புள்ளிகள் போர்டிலேயே கிடக்கும். பழைய கேம்பாய் அட்வான்ஸ் என்றால் திறக்கவே வேண்டாம். இருவர் சேர்ந்து விளையாடக் கேபிள் செருகும் துளையே வினாடிக்கு 115200 பிட் வரை சீரியல் பேசும்.

சோல்டர் அயன் சூடேறி ரோசின் புகை கிளம்பியதும், "யாருடா நேரங்கெட்ட நேரத்துல சாம்பிராணி போட்டது?" என்றார் அம்மா. அதுவும் மரப் பிசின்தான் என்பதால் மறுக்கவில்லை.

வயரைக் கொடுப்பது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம் மாதிரி: இவர்களுடைய டிஎக்ஸ் அவர்களுடைய ஆர்எக்ஸுக்கு, அவர்களுடையது இவர்களுக்கு. கருவிக்கும் லாப்டாப்புக்கும் நடுவில் நிற்கும் அடாப்டர் 3.3 வோல்ட்டாக இருக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

உள்ளே இருந்த சில்லு ராக்சிப் ஆர்கே3326. ராக்சிப்காரர்களின் வழக்கமான வேகம் வினாடிக்கு 15 லட்சம் பிட். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கிய சிபி2102 அடாப்டருக்கோ 10 லட்சத்திலேயே மூச்சு வாங்கும். லாப்டாப்பில் கோணல் எழுத்துகள் கொட்டின. "சைனீஸ்ல பேசுதா மாமா?" என்றான் மருமகன். பேராதனையில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவரிடம் எஃப்டி232 அடாப்டர் இரவல் வாங்கிய பிறகுதான் பேச்சு தெளிந்தது.

முதலில் கருவி தன் நினைவகத்தைச் சரிபார்த்தது. பிறகு லினக்ஸை எழுப்பிவிடும் யூ-பூட் வந்து, நிறுத்த வேண்டுமானால் ஏதாவதொரு விசையை அழுத்துங்கள் என்றது. இந்த ஊரில் எந்தக் கவுண்டரும் என்னிடம் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. கடைசியில் கர்னல், ஒவ்வொரு வரிக்கும் மைக்ரோ வினாடி வரை நேரம் குறித்து, மெமரி கார்டில் ரூட் ஃபைல்சிஸ்டம் கிடைக்கவில்லை, ஆகவே பேனிக் என்று காரணகாரியத்தோடு அறிவித்துவிட்டுப் படுத்தது. மனிதர்களில்கூட இப்படி வாக்குமூலம் கொடுத்துவிட்டு விழுகிறவர்கள் குறைவு.

புதுக் கார்டு போட்டதும் கேம் ஓடியது. மருமகன் கேமைப் பார்க்க, நான் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயரைக் கழற்ற எனக்கு மனமில்லை.

அக்கா ரைஸ் குக்கரைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். "இதுக்கும் மூணு வயர் போட்டு, ஏன் அடிப்பிடிக்குதுன்னு கேளு."

அதில் சில்லே கிடையாது, அடியில் ஒரு காந்தம்தான். தண்ணீர் வற்றி, சூடு 100 பாகையைத் தாண்டியதும் பிடியை விட்டுவிடும் என்று விளக்கினேன்.

"அப்ப இது பேசாதா?"

"பேசாது."

"நல்லது. இந்த வீட்டுல ஒண்ணாவது வாயை மூடிக்கிட்டு வேலை செய்யட்டும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குக்கரோடு திரும்பிப் போனாள்.