வாங்கியவர் நவாப், கட்டியது நஞ்சை

ஆம்பூர் என்றால் நமக்குப் பிரியாணி ஞாபகம் வரும். முகமது அலி வாலாஜாவுக்கு அப்பா ஞாபகம் வந்திருக்கும். 1749 ஆகஸ்டில் அங்கே நடந்த சண்டையில்தான் அவருடைய தகப்பனார், ஆற்காட்டு நவாப் அன்வருதீன், யானைமேல் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். மகன் அந்த இடத்திலேயே வீரமாக ஒரு முடிவெடுத்தார்: குதிரையைத் திருச்சிப் பக்கம் திருப்பினார். கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே போட்டி நவாப் சந்தா சாகிப். அவருக்கு முட்டுக்கொடுக்கப் பிரெஞ்சுக்காரர்கள். உள்ளே இவர் கையில் 'நவாப்' என்ற பட்டம் மட்டும் இருந்தது. அதைக் காட்டிக் கடையில் ஒரு படி அரிசிகூட வாங்க முடியாது.

கடன் கொடுக்கிறவர்கள் கண்ணுக்கு இதைவிட லட்சணமான ஆசாமி கிடைக்கமாட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி ஓடோடி வந்தது. ராபர்ட் கிளைவ் 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த வருஷம் சந்தா சாகிபின் தலை போனது. மிச்சச் சண்டை இன்னும் பத்து வருஷம் இழுத்தது. கடைசியில் 1763இல் இங்கிலாந்தும் பிரான்சும் பாரிஸில் கூடி, முறையான நவாப் முகமது அலிதான் என்று கையெழுத்திட்டன. ஆற்காட்டுப் பஞ்சாயத்துக்கு ஆலமரம் அவ்வளவு தூரத்தில்!

நவாப் மாலையைக் கழற்றுவதற்குள் கம்பெனி பில்லை நீட்டியது. திருச்சியைக் காப்பாற்றிய செலவு, சிப்பாய் சம்பளம், வெடிமருந்து எல்லாம் அதில் இருந்தன. புதுச்சேரியை முற்றுகையிட்டது கம்பெனி, பிடித்தது கம்பெனி, இடித்துத் தரைமட்டமாக்கியதும் கம்பெனி. செலவு மட்டும் நவாப் கணக்கில். 'உங்களுக்காகத்தானே செய்தோம்' என்றார்கள். அவரால் மறுக்கவும் முடியவில்லை. செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக எழுதிக் கொடுத்தார். மீதிக்குத் தவணை கேட்டார்.

தவணை கட்டப் பணம்? இங்கேதான் கதையின் உண்மையான நாயகர்கள் மேடை ஏறுகிறார்கள். கம்பெனியின் குமாஸ்தாக்கள்.

கம்பெனி என்ற முதலாளிக்கு நவாப் பணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தை முதலாளியின் சம்பளக்காரர்களே தங்கள் சொந்தப் பொறுப்பில் நவாபுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். வட்டி 36 சதவீதம் வரை போனது. காலையில் கோட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து 'பாக்கியை உடனே கட்டு' என்று நவாபுக்கு ஓலை எழுதுகிறவரே, மாலையில் அவர் மாளிகைக்குப் போய், 'ஐயோ பாவம், எவ்வளவு வேண்டும்?' என்று கேட்பார். அடமானம் என்ன? அந்தத் தாலுகாவின் இந்த வருஷ வரி, இந்தச் சீமையின் அடுத்த வருஷ மகசூல் என்று நவாப் எழுதித் தருவார். அறுவடை நாளில் களத்துமேட்டில் துரையின் துபாஷ் நிற்பார். நெல் வீட்டுக்குப் போகுமுன் வட்டிக்குப் போகும்.

பல நோட்டுகளில் பணமே கைமாறவில்லை என்பது இன்னொரு அழகு. துரைக்கு நவாபிடம் ஒரு சகாயம் வேண்டும், அல்லது நவாபுக்குச் சென்னைக் கவர்னரின் ஆலோசனைச் சபையில் ஒரு ஓட்டு வேண்டும். கையில் காசில்லாதபோது லஞ்சத்தையும் கடன் பத்திரமாகவே எழுதிக் கொடுத்துவிடலாம். லஞ்சத்துக்கும் வட்டி குட்டி போட்ட ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதற்குள் நவாப் சென்னைக்கே குடிவந்துவிட்டார். பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்பது அவர் எண்ணம். கடன்காரர்களுக்கும் அலைச்சல் மிச்சம். சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து ஓர் அரண்மனை எழும்பியது. 1768இல் வேலை முடிந்தது. கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி எஞ்சினியர் என்பது நெடுநாள் வழக்கு. ஆளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லை அடுக்குவதைவிடப் பத்திரங்களை அடுக்குவதில் கெட்டிக்காரர்.

நம்மில் சாதாரண ஜனங்களுக்குக் கடன் என்றால் மானப் பிரச்சினை. மளிகைக் கடையில் பாக்கி வைத்தவன் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிக்கொண்டு போவான். சேப்பாக்கத்தில் நடைமுறை தலைகீழ். கடன் கொடுத்தவர்கள்தான் தினமும் வாசலில் வந்து சலாம் போட்டார்கள். நவாப் நன்றாக இருக்கவேண்டும், அவர் நாடு பெருகவேண்டும், அவருக்கு ஜலதோஷம்கூட வந்துவிடக்கூடாது என்று அல்லாவையும் ஏசுவையும் ஒருசேர வேண்டிக்கொண்டார்கள். இருக்கிற நாட்டின் வருமானம் வட்டிக்குப் போதவில்லையா? பக்கத்து நாட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1773இல் கம்பெனிப் பட்டாளம் தஞ்சாவூரைப் பிடித்தது. ராஜா துளஜா சிறைப்பட்டார். காவிரி டெல்டா நவாப் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் அடமானத்துக்கும் போனது.

லண்டன் டைரக்டர்களுக்கு இது பொறுக்கவில்லை. நாட்டை ராஜாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பழைய கவர்னர் பிகாட் பிரபுவை மறுபடியும் அனுப்பினார்கள். அவர் 1776 ஏப்ரலில் தஞ்சாவூர் போய் ராஜாவை உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால், பென்ஃபீல்ட் ஒரு காகிதத்தோடு நிற்கிறார். 'பிரபுவே, அந்தத் தஞ்சாவூர் வருமானத்தின்மேல் எனக்கு வரவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நவாபுக்குக் கொடுத்தது, குடிகளுக்கு விளைச்சலின்பேரில் கொடுத்தது, எல்லாம் சேர்த்து 2,34,000 பவுண்டு.'

பிகாட்டுக்குத் தலை சுற்றியது. பென்ஃபீல்டுக்குச் சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு. சென்னையிலேயே பகட்டான வண்டியும் குதிரையும் அவருடையவைதான் என்பது வேறு. சபை முதலில் 'ஆதாரம் போதாது' என்று காகிதத்தைத் தள்ளியது. சில நாட்களில் அதே சபையின் பெரும்பான்மைக்கு ஞானம் பிறந்தது. 'நவாபின் அடமானம் செல்லும்' என்றார்கள். பென்ஃபீல்ட் கடன் மூழ்கினால் சபையில் எத்தனை பேருடைய பணம் கூடவே மூழ்கும் என்று பிகாட் முன்கூட்டியே விசாரித்திருக்கவேண்டும். கோபக்காரர், விசாரிக்கவில்லை, எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களையே சபையைவிட்டு நீக்கினார்.

1776 ஆகஸ்ட் 24. கர்னல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் அன்று காலைப் பலகாரம் பிகாட்டோடு சாப்பிட்டார். மதியச் சாப்பாடும் அவரோடுதான். சாயங்காலம் பிகாட்டின் வண்டியிலேயே, பிகாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தோட்ட வீட்டுக்குக் கிளம்பினார். கோட்டையைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனதும் வண்டியைச் சிப்பாய்கள் மறித்தார்கள். கர்னல் பக்கத்தில் திரும்பி, 'தாங்கள் கைது' என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் என்பார்கள். இவர் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூட நினைக்கவில்லை. கவர்னரைப் பரங்கிமலையில் கொண்டுபோய் வைத்தார்கள். அவரை மீண்டும் பதவியில் உட்காரவைக்க லண்டன் போட்ட உத்தரவு வந்து சேருமுன், 1777 மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். இதற்கு லண்டன் நீதிமன்றம் கொடுத்த தண்டனை? சபை உறுப்பினர்கள் நால்வருக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். பென்ஃபீல்டின் ஒரு மாத வட்டியில் நால்வர் அபராதமும் அடங்கியிருக்கலாம்.

அந்த 1777 நவாப் வாழ்க்கையில் ஒரு பொன்னான வருஷம். பழைய பாக்கிகளைத் திரட்டி ஒரே கடனாக்கி, 24 லட்சம் பவுண்டுக்கு 12 சதவீத வட்டியில் புதுக் கணக்கு எழுதினார்கள். 1767இலும் இப்படி ஒரு திரட்டல் நடந்திருந்தது. பத்து வருஷத்துக்கொரு தரம் பூஜை போட்டுப் புது ரோக்கா. அதே 1777இல்தான் நவாப் இங்கிலாந்து ராணி சார்லட்டுக்கு அருமையான வைரங்களை அன்பளிப்பாக அனுப்பினார். ஆற்காட்டு வைரங்கள் என்று இன்றும் பெயர். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது கேள்விப்பட்டிருக்கிறோம். கடல் தாண்டி உடைத்தவர் இவர்.

அதே வருஷத்துக் குதிரைப்படைக் கடனையும் விட்டுவிட முடியாது. நவாபின் குதிரைவீரர்களைக் கலைத்து அனுப்பவேண்டும். சம்பள பாக்கி கொடுக்காமல் அனுப்ப முடியாது. டெய்லர், மஜெண்டி, கால் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் முன்வந்து, 1,60,000 பவுண்டு தாங்கள் கொடுப்பதாகச் சொல்லி, சில சீமைகளின் வரியை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் விவரித்தபடி, வீரர்களுக்குக் கொடுத்தது ரொக்கமல்ல, 'நாலு மாசத்தில் தருகிறோம்' என்ற சீட்டு. நாலு மாசம் இரண்டு வருஷத்துக்கு மேல் நீண்டது. அதற்குள் வரிப்பணம் வந்துகொண்டே இருந்தது. பொறுமை இழந்த வீரர்கள் அதிகாரிகளைப் பிடித்து வைத்துக் கலகம் செய்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், நவாபின் வரிப்பணத்தையே வாங்கி, நவாபின் ஆட்களுக்குத் தாமதமாகக் கொடுத்து, அதற்கு நவாபிடமே வட்டியும் கேட்டார்கள். முதல் போடாமல் தொழில் செய்வது எப்படி என்று புத்தகம் எழுதுகிறவர்கள் இந்த மூவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும்.

1780இல் ஹைதர் அலி உள்ளே புகுந்து சீமையைக் கொளுத்தினார். பின்னாலேயே பஞ்சம் வந்தது. சென்னையில் பட்டினிக் கூட்டத்துக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் மணியக்காரர் சத்திரம் தொடங்கியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பது அந்த வழியில் வந்த பெயர்தான். குடியானவன் கஞ்சித்தொட்டி முன் நிற்கிறான்; அவன் வயலின்மேல் எழுதிய நோட்டுக்கு வட்டி மட்டும் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

நவாபுக்கு லண்டனில் ஏஜெண்டும் உண்டு: ஜேம்ஸ் மேக்பர்சன். ஒஸ்ஸியன் என்ற ஆதிகாலக் கவிஞரின் பாடல்களைக் கண்டுபிடித்து மொழிபெயர்த்ததாகச் சொல்லிப் புகழ் பெற்றவர். மூலம் எங்கே காட்டு என்று சாமுவேல் ஜான்சன் கேட்டபோது காட்ட முடியாமல் விழித்தவர். இல்லாத மூலத்துக்கு மொழிபெயர்ப்பு செய்தவரை, கொடுக்காத பணத்துக்குப் பத்திரம் எழுதுகிற இடத்தில் வேலைக்கு வைத்தது என்ன பொருத்தம்! அவரும் எம்.பி. ஆனார், பென்ஃபீல்டும் எம்.பி. ஆனார். பென்ஃபீல்ட் தான் ஆனதோடு நிற்காமல், தன் செலவில் வேறு சிலரையும் ஆக்கியதாகப் பர்க் சாடினார்.

அதனால் 1784இல் நடந்ததில் ஆச்சரியமில்லை. எது உண்மைக் கடன், எது பொய்க் கடன் என்று விசாரிக்கவேண்டும் என்பதுதான் பார்லிமெண்ட் அந்த வருஷம் கம்பெனிக்குச் சட்டம் போட்டபோது இருந்த பேச்சு. ஹென்ரி டண்டாஸ் செல்வாக்கில் இருந்த கண்காணிப்பு வாரியம், 'எதற்கு வீண் சிரமம்?' என்று 1767 திரட்டு, 1777 திரட்டு, குதிரைப்படைக் கடன் ஆகிய மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. வருஷத்துக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, ஆற்காட்டுச் சீமை வருமானத்திலிருந்து கட்டவேண்டும். 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் எழுந்து இதைக் கிழிகிழி என்று கிழித்தார். அந்தப் பேச்சு இன்றைக்கும் இலக்கியம். ஓட்டெடுப்பில் தோல்வி.

முகமது அலி 1795 அக்டோபரில் காலமானார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடனிலேயே நவாபாக இருந்து, ஒருநாளும் தோரணை குறையாமல் போய்ச் சேர்ந்தார். 1801இல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டது. அவர் வாரிசுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஒப்பந்தம். நாடு போனதும் நோட்டுகள் ஈசல்போலக் கிளம்பின. 1805இல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1814 முடிவதற்குள் அது பைசல் செய்த கோரிக்கைகளின் மதிப்பு இரண்டு கோடி பவுண்டுக்கும் மேல். அவற்றில் உண்மை என்று தேறியது 13 லட்சத்துச் சொச்சம். இருபதில் ஏறக்குறைய பத்தொன்பது பங்கு புளுகு! 1784இல் விசாரிக்காமல் கட்டிய பணத்தில் எத்தனை பங்கு புளுகு என்று கேட்காதீர்கள். அதற்குக் கமிஷன் போடவில்லை.

பென்ஃபீல்ட் லண்டனில் நடத்திய வியாபாரம் திவாலாகி, 1810இல் பாரிஸில் வறுமையில் செத்தார். சேப்பாக்கம் அரண்மனை 1855க்குப் பிறகு கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தது அரசாங்கமே. அதில் வந்து குடியேறிய அலுவலகம் வருவாய் வாரியம். வரிவசூல் இலாகாவுக்கு அதைவிட ராசியான கட்டடம் கிடைத்திருக்காது.

இந்தக் கதையில் வாங்கினவர் ராஜபோகமாக இருந்தார். கொடுத்தவர்கள் பார்லிமெண்டில் உட்கார்ந்தார்கள். எந்த நோட்டிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காத ஒரே ஒருத்தன், செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் ஏர் பிடித்தவன், அசலும் வட்டியுமாகக் கட்டினான். ஆகவே, 'இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கடன் என்றால் பயமே இல்லை' என்று யாராவது உங்களுக்கு உபதேசம் செய்தால், தலையாட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: வாங்கினவன் யார் என்பது இருக்கட்டும், கட்டப்போகிறவன் யார்?